கணுக்கால் மீது வாக்கெடுப்பு

பனித்தரையில் ஒரு தடவைகூடக் கால் வைக்காத எழுபத்தொன்பது பேர் ஒன்றுகூடி, அடுத்த வீட்டுப் பிள்ளை காற்றில் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்று தீர்மானம் போடுவார்கள். அந்த இடத்துக்குப் பேரவை என்று பெயர். டயர்க் கடைக்கு மேல் மாடி. படியேறும்போதே ரப்பர் வாடை தூக்கும். மேலே போனால் எழுபத்தொன்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேடை, ஒரு மைக். மைக் இல்லாமலே அவர்கள் குரல் டயர்க் கடை வரை கேட்கும் என்பது வேறு விஷயம்.

அந்தப் படியில் ஒரு மத்தியானம் தையல்காரர் ஏறினார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கழற்ற மறந்துவிட்டார். மனம் முழுக்க மகனின் வலது கணுக்கால்தான் இருந்தது.

மகன் பனிச்சறுக்கு நடனக்காரன். அவன் பனிமேல் போனால் காலடிக் கத்தியின் சத்தம்கூடக் கேட்காது, அப்படி ஒரு வழுக்கல். அதனால் ரசிகர்கள் அவனுக்கு வெண்ணெய் என்று பேர் வைத்தார்கள். கடைத்தெருவில் அந்தச் சொல்லுக்கு வேறு மரியாதை உண்டு என்பதைப் பேரவை ஒப்புக்கொள்வதில்லை. அவனுக்குப் போட்டி இன்னொரு பையன். எழும்பினால் சுற்றுவது கண்ணுக்குப் பிடிபடாது. அவன் பம்பரம். பேரவை வெண்ணெயுடையது. பம்பரத்துக்கும் ஒரு பேரவை உண்டு, சலூனுக்கு மேல் மாடியில். இரண்டு மாடிக்கும் ஆகாது.

இதில் பேரவையின் முக்கியமான வேலை என்ன என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் ஆடுபவன் எந்த இடத்தில் எந்தக் குதிப்பு என்று ஒரு தாள் எழுதிக் கொடுப்பான். பனியில் இறங்கிய பிறகு அவன் மாற்றிக்கொள்ளலாம், அது அவன் இஷ்டம். ஆனால் பேரவையும் தன் பங்குக்கு ஒரு தாள் போடும். பரிந்துரைத் தாள். அதை ஆறாயிரம் பேர் படிப்பார்கள். போட்டி முடிந்ததும் இரண்டையும் ஒப்பிட்டு, எந்த வரியில் பையன் பேரவை சொன்னதைவிடக் குறைத்துக் குதித்தானோ அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 'கோழை' என்று எழுதுவார்கள்.

இந்தத் தடவை நான்காம் வரியில் நாலு சுற்றுக் குதிப்பு போட்டிருந்தார்கள். டாக்டரோ, "மூணு மாசத்துக்கு நாலு சுத்து வேண்டாம். இறங்குறது அந்தக் கால்லதான். நரம்பு அறுந்தா அப்புறம் படி ஏறவே கஷ்டம்" என்று சொல்லிவிட்டார். இறுதிப் போட்டிக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

"மூணு சுத்தோட நிறுத்திக்கடா" என்று தையல்காரர் கெஞ்சினார்.

"கோழைன்னு எழுதுவாங்கப்பா."

"எழுதட்டுமே. எழுதுறவன் காலா வீங்கியிருக்கு?"

"உங்களுக்குப் புரியாதுப்பா. அவங்க தாள்ல மாத்தினா நானும் மாத்திக்கிறேன். இல்லன்னா நாலுதான்."

இருபத்தொரு வயசு. எட்டு வயசிலிருந்து கைதட்டல் கேட்டுப் பழகிய காது. டாக்டர் சொன்னது அதில் ஏறவில்லை. தையல்காரரின் மனைவி தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "இங்க உக்காந்து அவன்கிட்ட ஏன் மல்லுக்கட்டுறீங்க? எழுதினவனைப் போய்க் கேளுங்க. ஒரு வரிதானே? அழிக்கிறதுக்கு ஒரு நிமிஷம் ஆகுமா?"

பாவம், அவளுக்குப் பேரவையைத் தெரியாது.

வாசலில் பதிவாளர் உட்கார்ந்திருந்தார். தபால் நிலையத்தில் முப்பது வருஷம் முத்திரை குத்திவிட்டு ஓய்வு பெற்றவர். கை இன்னும் ஓயவில்லை.

"என்ன வகை?" என்றார், நிமிராமலே.

"வகைன்னா?"

"ஸ்தாபக ரசிகரா, ஆயுள் ரசிகரா, திருந்திய ரசிகரா?"

"திருந்திய ரசிகர்னா யாருங்க?"

"பம்பரத்தை ரசிச்சிட்டு, புத்தி வந்து இங்க சேர்ந்தவங்க. அவங்களுக்குப் பின் வரிசை."

"நான் ரசிகர் இல்லீங்க. வெண்ணெயோட அப்பா."

பதிவாளர் படிவத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "அப்பான்னு ஒரு கட்டம் இல்லீங்களே."

"இல்லன்னா என்ன பண்றது?"

"புது ரசிகர், நிரூபிக்கப்படாதவர்னு போட்டுக்கலாம். ஒரு சின்னத் தேர்வு இருக்கு. வெண்ணெய் வாழ்நாளில் குதிச்ச மிகச் சிறந்த குதிப்பு எது?"

தையல்காரருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "மூணரை வயசுல, இஸ்திரி மேஜையிலேர்ந்து குதிச்சான் பாருங்க. கீழ பூனை தூங்கிட்டிருந்துச்சு. பூனையோட ஒரு ரோமத்துலகூடப் படாம அந்தப் பக்கம் போய் நின்னான்."

"வீடியோ இருக்கா?"

"இல்லீங்க."

"அப்ப நடக்கலை" என்று சொல்லி, பூஜ்யம் போட்டு, முத்திரை குத்தி உள்ளே அனுப்பினார். பேச அனுமதி மூன்று நிமிஷம். வாக்கு கிடையாது.

உள்ளே தலைவர் பேசிக்கொண்டிருந்தார். அவர் பல் டாக்டர். வாய் திறந்திருப்பவர்கள் பதில் பேச முடியாத ஒரு தொழிலில் இருபது வருஷம் இருந்ததால், தான் பேசினால் யாரும் மறுக்கமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை அவருக்கு வந்துவிட்டிருந்தது. அவருக்கு வலப்பக்கம் வியூகச் செயலாளர், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். இடப்பக்கம் புள்ளிவிவரச் செயலாளர், மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அம்மாள். மடியில் மூன்று நோட்டு.

வியூகச் செயலாளர் எழுந்தார். "நண்பர்களே, ஆட்டத்தோட பின்பாதியில குதிச்சா பத்து சதவீதம் கூடுதல் மதிப்பெண். இது எல்லாருக்கும் தெரியும். ஆனா எல்லாக் குதிப்பையும் பின்பாதிக்குத் தள்ளணும்னு முதல்ல சொன்னது யாரு? நான். கடைசி ஒரு நிமிஷத்துக்குத் தள்ளணும்னு சொன்னது யாரு? நான். இப்ப சொல்றேன், கடைசி பதினஞ்சு செகண்டு! அஞ்சு குதிப்பும்!"

கைதட்டல்.

"அதுக்கு முன்னாடி மூணே முக்கால் நிமிஷம் அவன் என்ன பண்ணுவான்?" என்று தையல்காரர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்டார்.

"சக்தியைச் சேமிப்பான். பேசாதீங்க, வியூகம் கலைஞ்சிடும்."

தையல்காரரின் முறை வந்தது. டாக்டர் சீட்டை மேடையில் வைத்தார். "ஐயா, நாலாம் வரியில நாலுன்னு இருக்கிறதை மூணுன்னு மாத்திக் குடுங்க. பையனுக்குக் கணுக்கால் வீங்கியிருக்கு. விழுந்துட்டான்னா..."

புள்ளிவிவரச் செயலாளர் குறுக்கிட்டார். "விழுந்தா ஒண்ணும் நஷ்டமில்லீங்க. நாலு சுத்து முழுசாச் சுத்திட்டு விழுந்தா, அடக்க ஒடுக்கமா மூணு சுத்து சுத்தி நிக்கிறதுக்கு ஏறக்குறைய சமமான மார்க்கு வருது. நான் கணக்குப் போட்டு வச்சிருக்கேன். அதனால விழறது ஒரு நல்ல தேர்வு."

"வலிக்குமேம்மா?"

அம்மாள் மூன்று நோட்டையும் புரட்டிப் பார்த்தார். "வலிக்கு மார்க்கு கழிக்கிறதில்லீங்க."

தலைவர் டாக்டர் சீட்டைக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுபோனார். "நானும் மருத்துவன்தான். பல்லும் எலும்பு மாதிரி, கணுக்காலும் எலும்பு மாதிரி. என் அனுபவத்துல சொல்றேன், இது வீக்கம் மாதிரி தெரியலை."

"நீங்க இன்னும் காலைப் பார்க்கவே இல்லையே ஐயா."

"பார்த்தா உணர்ச்சிவசப்பட்டுடுவோம். சபையே முடிவு பண்ணட்டும். கணுக்கால் வீங்கியிருக்கு என்பவர்கள் கை தூக்கலாம்."

கைகள் எழுந்தன. ஒருவர் கை காது வரை வந்து நின்றது. அவர் காதைச் சொறிய வந்தாரா, கால் வீங்கியிருக்கிறது என்று சொல்ல வந்தாரா என்று பத்து நிமிஷம் தகராறு. பதிவாளர் விதிப்புத்தகத்தை எடுத்து வந்து படித்தார்: "விதி பன்னெண்டு. தோளுக்கு மேல நேரா உயர்ந்த கையே கை." காதுக்காரர் கணக்கில் வரவில்லை. பிறகு அவரே கோபித்துக்கொண்டு எதிர்த்து வாக்களித்தார். வீங்கியிருக்கிறது, முப்பத்தெட்டு. வீங்கவில்லை, நாற்பத்தொன்று.

"ஆக, வீக்கம் இல்லை" என்றார் தலைவர். "பையனுக்கு எங்க வாழ்த்தைச் சொல்லுங்க."

காலையில்கூட அந்தக் காலுக்கு ஐஸ் வைத்துக் கட்டிவிட்டு வந்த கை தையல்காரருடையது. அந்தக் கையைப் பார்த்தபடி அவர் நின்றார். இனி வீட்டுக்குப் போய் அந்த வீக்கத்தைப் பார்த்தால், நாற்பத்தொரு பேர் சொன்னதை மீறிப் பார்ப்பதாக ஆகும்.

அப்போதுதான் முன்வரிசையில் ஒருவர் துள்ளி எழுந்தார். கையில் இரண்டு பெரிய படங்கள். ஒன்றில் வெண்ணெய், ஒன்றில் பம்பரம், இரண்டும் கழுத்துப் பக்கம் மட்டும் பெரிதாக்கியது. "தலைவரே! காலருக்கு அடியில பாருங்க. ரெண்டுலயும் ஊதா நூல், ரெட்டைத் தையல்! எதிரிக்கும் நமக்கும் ஒரே தையல்காரன்!"

"ஆமாங்க, ரெண்டும் நான் தைச்சதுதான்" என்றார் தையல்காரர். அது ரகசியம் என்றே அவருக்குத் தெரியாது. "ரெண்டு பசங்களுக்கும் ஒரே தரை, ஒரே கோச். அவங்கம்மா வேலைக்குப் போற நாள்ல பம்பரம் எங்க வீட்லதான் சாப்பிடுவான். ரெண்டு பேரும் ஒரே தட்டுல கை விட்டு அடிச்சிக்குவாங்க."

சபை உறைந்துபோயிற்று. பின்வரிசையில் ஒரு திருந்திய ரசிகருக்குத் தலை சுற்றியது. எத்தனை சுற்று என்று புள்ளிவிவரச் செயலாளர் அப்போது குறித்துக்கொள்ளவில்லை, அவ்வளவு அதிர்ச்சி.

தலைவர் மட்டும் அதிரவில்லை. அவர் தையல்காரரின் தோளில் கை போட்டு, உடைந்த நாற்காலிகளை அடுக்கியிருந்த பின்னறைக்கு அழைத்துப் போனார்.

"நீங்க கேட்டது ஒரு வரி. நாங்க கேக்கிறது ஒரு விரல். பம்பரத்துக்குப் புதுச் சட்டை தைக்கிறீங்க இல்ல? கையை மேல தூக்க முடியாதபடி தைங்க. எப்படின்னு உங்களுக்குத் தெரியும்."

தெரியும். தையல் தெரிந்த எவருக்கும் தெரியும். சட்டையில் கை நுழையும் கைக்குழியை ஒரு விரல் இறக்கி, அக்குளில் இறுக்கிப் பிடித்தால் போதும். சும்மா நிற்கும்போது சட்டை சிக்கென்று அழகாக இருக்கும். கையைத் தோளுக்கு மேல் தூக்கினால் மொத்தச் சட்டையும் கூடவே மேலே ஏறி, தொண்டையைப் பிடிக்கும். கற்றுக்கொள்பவர்கள் முதல் வருஷம் செய்கிற தப்பு அது.

"அந்தப் பையன் விழுந்துடுவானேங்க."

"விழறது ஒரு நல்ல தேர்வுன்னு இப்பத்தான் அம்மா சொன்னாங்களே" என்றார் தலைவர். "நாங்க யாருக்கும் கெடுதல் நினைக்கிறவங்க இல்லீங்க. விளையாட்டை நேசிக்கிறவங்க. தச்சு வைங்க, குழுவா வந்து பார்த்துட்டு வரியை மாத்திடுறோம்."

தையல்காரர் தலையாட்டினாரா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் கையிலிருந்த துணியை உதறிப் போட்டாள். "அவன் கையைக் கட்டி நம்ம பிள்ளை காலைக் காப்பாத்தணுமா? அவனுக்கு எட்டு வயசுல அளவெடுத்தீங்க. கிச்சுகிச்சு மூட்டாதீங்க மாமான்னு ஓடினவன். அவனுக்கு இதைத் தைச்சீங்கன்னா இந்த மிஷினைத் தூக்கி நானே தெருவுல வச்சிடுவேன்."

"தைக்கலைடி. யாரு தைக்கிறேன்னா?"

"அப்ப அந்த வரி?"

தையல்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். மகன் உள்ளறையில் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு போனில் பேரவையின் தாளைப் படித்துக்கொண்டிருந்தான். நான்காம் வரி அப்படியே இருந்தது.

நான்கு நாள் கழித்து ஆய்வுக் குழு கடைக்கு வந்தது. தலைவர், வியூகச் செயலாளர், புள்ளிவிவரச் செயலாளர். ஆணியில் இரண்டு சட்டைகள் தொங்கின. இரண்டும் கறுப்பு, கல் பதிக்கும் வேலை பாக்கி. உடம்பும் ஏறக்குறைய ஒரே உடம்புதான், கைக்குழியும் இரண்டிலும் ஒரே ஒழுங்கான கைக்குழிதான். எது யாருடையது என்று தைத்தவருக்கும் போடுகிறவனுக்கும் மட்டும் தெரியும்.

தையல்காரர் ஓரம் மடித்துக்கொண்டிருந்தார். வாயில் ஏழெட்டுக் குண்டூசி. வாயில் ஊசி இருக்கும்போது தையல்காரர் பேசமாட்டார். பேசினால் ஊசி உள்ளே போகும். பல் டாக்டருக்கு அது பழகிய நிலைமை. அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நேரே போய் ஒரு சட்டையை எடுத்தார்.

அது வெண்ணெயின் சட்டை.

"இதுதான் எதிரியோடது. பார்த்தாலே தெரியுது, ஒரு திமிரு" என்றார். அக்குளில் விரலை விட்டுப் பார்த்தார். "அடேயப்பா! என்ன இறுக்கம்! இதைப் போட்டுக்கிட்டு அவனால தலைகூட வார முடியாது."

"நானே பார்த்ததில்ல, இப்படி ஒரு கேவலமான கைக்குழி" என்றார் வியூகச் செயலாளர். அவர் அதுவரை கைக்குழி என்ற ஒன்றையே பார்த்ததில்லை.

புள்ளிவிவரச் செயலாளர் ஆணியில் தொங்கிய மற்றச் சட்டையைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டார். கண்ணில் தண்ணீர். "நம்ம பிள்ளையோடது. எவ்வளவு தாராளமா இருக்கு!"

அது பம்பரத்தினுடையது. தையல்காரர் ஒரு ஊசியை வாயிலிருந்து எடுத்துத் துணியில் குத்தினார். இன்னும் ஆறு பாக்கி இருந்தது. கடைசி ஊசி வெளியே வந்தபோது குழு டயர்க் கடையைத் தாண்டிவிட்டது.

சாயங்காலமே தாள் மாறியது. "எதிராளி எப்படியும் விழுவான் என்பதால், நான்காம் வரியில் வெண்ணெய் மூன்று சுற்றோடு நிறுத்திப் பெருந்தன்மை காட்டலாம்."

மகன் படித்துவிட்டு ஓடிவந்தான். ஓடவில்லை, நொண்டிக்கொண்டு வந்தான். "அப்பா! மாத்திட்டாங்க! என்னப்பா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலைடா. ஓரம் மடிச்சேன்."

இறுதிப் போட்டியில் வெண்ணெய் மூன்று சுற்றுச் சுற்றி, புதுத்துணியில் கத்தரி ஓடுவதுபோல வந்து இறங்கினான். கால் நின்றது. பம்பரம் நாலு சுற்று சுற்றினான். இன்னொரு நாலும் சுற்றினான். எங்கும் விழவில்லை. அவன் முதலிடம், வெண்ணெய் இரண்டாம் இடம். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு, அடுத்த நாள் யார் வீட்டில் சாப்பாடு என்று பேசிக்கொண்டே வெளியே வந்தார்கள். அந்தக் கட்டிப்பிடிப்பு எதிராளியின் விலாவை நசுக்கும் வியூகம் என்று பேரவை பதிவு போட்டது.

மறுநாள் அவசரக் கூட்டம். தையல்காரர் வாசலுக்குப் பக்கத்தில் நின்றார், உதை விழுந்தால் ஓட வசதியாக. உதைக்க யாரும் வரவில்லை. தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"சிலர் சொல்றாங்க, நாம செஞ்ச சூழ்ச்சி பலிக்கலைன்னு. நான் இதைக் கண்டிக்கிறேன். சூழ்ச்சி கச்சிதமா நடந்துச்சு. சட்டையை நான் என் விரலால தொட்டுப் பார்த்தேன். என் விரல் பொய் சொல்லாது, வாய்க்குள்ள இருபது வருஷம் போயிட்டு வந்த விரல். ஆக, என்ன தெரியுது? இறுக்கமான கைக்குழியைப் போட்டவன் ஜெயிச்சிருக்கான். தாராளமான கைக்குழியைப் போட்ட நம்ம பையன் தோத்திருக்கான். ரகசியம் கால்ல இல்லீங்க. கைக்குழியில இருக்கு!"

கைதட்டலில் கீழே ஒரு டயர் உருண்டு விழுந்தது.

இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. ஒன்று, பேரவையின் எழுபத்தொன்பது உறுப்பினரும் இனி அதே வெற்றித் தையலில் கறுப்புச் சீருடை அணிய வேண்டும், சீருடை இல்லாதவர் வாக்கு செல்லாது. இரண்டு, அடுத்த மாதப் போட்டிக்கு நாலு சுற்றுக் குதிப்பு ஒன்றல்ல, ஐந்து. இதை அடுத்த கூட்டத்தில் சீருடையோடு, முறைப்படி வாக்கெடுத்து உறுதி செய்வது.

ஐந்து என்றதும் தையல்காரர் விரல் விட்டு எண்ணினார். டாக்டர் சொன்ன மூன்று மாதத்தில் இன்னும் இரண்டு மாதம் பாக்கி.

"தலைவரே" என்றார். "நிச்சயமா அந்தத் தையல்தான் வேணுமா? அதுல கொஞ்சம் சிரமம் இருக்கு."

"ஒரு நூல்கூட மாறக் கூடாது!"

"அப்ப எழுதிக் குடுத்துடுங்க."

எழுதிக் கொடுத்தார்கள். 'கைக்குழி ஒரு விரல் இறக்கம், அக்குளில் இறுக்கம்.' பதிவாளர் ஆசையாக மூன்று முத்திரை குத்தினார்.

தையல்காரர் இரண்டு வாரம் தலை நிமிரவில்லை. மனைவி பொத்தான் கட்டினாள். "இவங்களுக்குப் போய் இவ்வளவு கச்சிதமாத் தைக்கணுமா?" என்றாள்.

"முத்திரை குத்திக் குடுத்திருக்காங்கடி. தொழில்ல ஏமாத்தக் கூடாது."

கூட்டத்தன்று எழுபத்தொன்பது பேரும் கறுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சும்மா இருக்கும்வரை அந்தத் தையலுக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. தையல்காரருக்கு மரியாதையாக ஒரு முக்காலி போட்டார்கள்.

தலைவர் அறிவித்தார்: "நாலு சுத்துக் குதிப்பு, அஞ்சு. ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்."

எழுபத்தொன்பது முழங்கைகள் விலாவை விட்டு ஒரு சாண் நகர்ந்து, அங்கேயே நின்றன. எல்லார் முகமும் சிவந்தது. வியூகச் செயலாளர் உடம்பைச் சாய்த்து, ஒரு பக்கமாகத் தூக்கிப் பார்த்தார். நாற்காலியோடு சாய்ந்தார். தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையையும் சேர்த்துத் தூக்கினார். கை தோளைத் தாண்டவில்லை. சட்டைதான் ஏறியது. காலர் காதுக்குப் போய், காது உள்ளே போய், கடைசியில் கண்ணாடி மட்டும் வெளியே தெரிந்தது.

"எண்ணும்மா!" என்று சட்டைக்குள்ளிருந்து குரல் வந்தது.

புள்ளிவிவரச் செயலாளர் எண்ணினார். அவருக்கும் பேனாவைப் பிடித்த கை மார்புக்கு மேல் வரவில்லை. "ஆதரவு... பூஜ்யம்."

"சட்டையைக் கழட்டிட்டுத் தூக்குவோம்!" என்று ஒருவர் கத்தினார்.

பதிவாளர் விதிப்புத்தகத்தை மடியில் வைத்தே புரட்டினார். "சீருடை இல்லாத வாக்கு செல்லாது. தோளுக்கு மேல போகாத கை கையாகாது. வாக்கு விழாத தீர்மானம் தோற்ற தீர்மானம். தோற்ற தீர்மானத்தை ஆறு மாசத்துக்கு மறுபடி எடுக்கக் கூடாது." கை தூக்க வேண்டிய அவசியமில்லாத ஒரே வேலை அவருடையது. முத்திரையைக் குத்தினார்.

பேரவைத் தாளின் நான்காம் வரியில் பழைய மூன்று சுற்று அப்படியே நின்றது.

தையல்காரர் முக்காலியை ஓரமாக வைத்துவிட்டு, சத்தமில்லாமல் படி இறங்கினார். வீட்டில் மகன் காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்திருந்தான். ஐஸ் பையைப் பம்பரம் பிடித்துக்கொண்டிருந்தான், இன்னொரு கையில் சாப்பாட்டுத் தட்டு.

"என்னப்பா முடிவு?" என்றான் மகன்.

"எல்லாருக்கும் சட்டை பிடிச்சிருக்குடா" என்றார் தையல்காரர், கழுத்திலிருந்த நாடாவைக் கழற்றி ஆணியில் மாட்டியபடி.